ஒரு படித் தவிடு

இலை நன்றாக ஊறியிருக்கிறது. அளவுத் தகரத்தை வைத்துக் கத்தரியை ஓட்டினால் ஒரே இழுப்பில் வந்துவிடுகிறது, இன்றைக்கென்று பார்த்து ஓர் இலைகூடக் கிழியவில்லை. தூள் கிடக்கிற சொளவை மடியில் வைத்து, வெட்டின இலையில் ஒன்றை எடுத்து, தூளைக் கிள்ளி நீளத்துக்குப் பரத்தி, இரண்டு பெருவிரலாலும் உருட்டி, நூலை இரண்டு சுற்றுச் சுற்றி அறுத்து, தலையை மடக்கிக் குத்தினால் ஒரு பீடி. கை அதுபாட்டுக்குச் செய்கிறது. கைக்கு என்ன, அதற்குக் காது கிடையாது. என் காது முழுதும் செவுரில் இருக்கிறது. செவுருக்கு அந்தப் பக்கம் முப்பிடாதி மைனி வீடு. என் வீட்டுக்காரருக்குப் பெரியப்பா மகன் பெண்டாட்டி, அந்த அண்ணன் செத்துப் பத்து வருசம் ஆகிறது. ஒரே வீடாக இருந்ததைப் பாகம் பிரித்தபோது நடுவில் எழுப்பின அரைச் செங்கல் செவுரு இது, மைனி அங்கே தும்மினால் நான் இங்கே நூறு சொல்லுவேன். இப்போது அங்கே சுகாதார இன்ஸ்பெக்டர் வந்து பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். அந்த நாற்காலிக்கு ஒரு கால் வளைந்தது, மைனி அதைச் சொன்னாளா தெரியவில்லை, விழுந்து வைத்தால் அந்த எரிச்சலில் அவர் ஏதாவது எழுதிவிடுவார். இல்லை, அப்படிப்பட்ட மனிதர் மாதிரித் தெரியவில்லை. வாசலில் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டுத்தான் உள்ளே போனார். என்னிடம் அவர் சொன்னது இவ்வளவுதான்: "நீங்க உங்க வீட்டுல இருங்கம்மா. முதல்ல அவங்களத் தனியா கேக்கணும். அப்புறம் குழந்தை. கடைசியா உங்களக் கூப்பிடுவேன்." தலையை ஆட்டினேன். வெளி மனிதர் முன்னால் எனக்கு வாய் வராது, சின்னதிலிருந்தே அப்படித்தான், அஞ்சாங்கிளாசில் டீச்சர் ஆஜர் கூப்பிட்டால்கூடக் கையைத்தான் தூக்குவேன், அதற்கே அடி வாங்கியிருக்கிறேன். அவர் கடைசியாகக் கூப்பிடும்போது கையைத் தூக்கினால் போதாது. வாயைத் திறந்து, பூரணியைப் பெற்றவள் நான்தான் என்று சொல்ல வேண்டும். அந்த ஒரு சொல். ஆறு வருசமாக ஒருத்தரிடமும் நான் சொல்லாத சொல். காலையில் பல் தேய்க்கும்போது சொல்லிப் பார்த்தேன், பாதியில் நுரையோடு நின்றுபோனது. என் பிள்ளை என்று நினைக்க வரும்போதே, அந்தப் பிள்ளை, மைனி பிள்ளை, தெருவில் ஓடுகிற ஒரு பிள்ளை என்று உடனே மாற்றிவிடுகிறேன். யாருக்குக் கேட்டுவிடும் என்று. எதற்குக் கேட்டுவிடும் என்று.

இந்தக் காகிதம் இல்லாவிட்டால் ஒன்றும் இல்லை. எல்லாம் அந்தப் பிறப்புச் சான்றிதழ். என் வீட்டுக்காரர் அரபு நாட்டில், சலாலாத் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறார், ஒன்பது வருசமாக. இரண்டு வருசத்துக்கு ஒருதடவை வந்து நாற்பது நாள் இருந்துவிட்டுப் போவார். இந்தத் தடவைதான் கம்பெனியில் குடும்ப வீடு ஒதுக்கியிருக்கிறார்கள். ஓர் அறை, ஒரு அடுக்களை, ஜன்னலைத் திறந்தால் தென்னமரம். போனில் படம் பிடித்துக் காட்டினார். "இங்கயும் சாரல் விழுது ஆவுடை, ஆனி ஆடியில அப்படியே நம்ம குத்தாலம்தான், பிள்ளைக்குப் புடிக்கும்" என்றார். ரெண்டு மாசத்துக்குள் வரவில்லையென்றால் வீடு வேறு ஆளுக்குப் போய்விடும். தென்காசியில் டிராவல்ஸ்காரரிடம் எல்லாக் காகிதத்தையும் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் விவரம் சொன்னார்: பிள்ளையின் சான்றிதழைச் சென்னைக்கு அனுப்ப வேண்டும், அங்கே பெரிய ஆபீசில் இது உண்மைதான் என்று ஒரு முத்திரை, பொறவு டெல்லிக்காரர்கள் அதன் முதுகில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டுவார்கள், அந்த ஸ்டிக்கரைப் பார்த்தால்தான் அந்த நாட்டுக்காரன் நம்புவான். நான் எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினேன். ஒரு பிள்ளை பிறந்தது உண்மைதான் என்று இத்தனை பேர் சொல்ல வேண்டியிருக்கிறது. பொறவு சான்றிதழைக் கண்ணுக்குக் கிட்டே வைத்துப் படித்தவர், "இதென்னம்மா, தாயின் பெயர் முப்பிடாதின்னு இருக்கு, உங்க கல்யாணச் சர்டிபிகேட்ல ஆவுடைச்செல்வின்னு இருக்கு?" என்றார். கடையில் நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். இத்தனை வருசமும் அந்தக் காகிதம் டிரங்குப் பெட்டியில் பட்டுச்சேலைக்கு அடியில் பத்திரமாகத்தான் இருந்தது, அதில் என்ன எழுதியிருக்கிறது என்று எனக்குத் தெரியாமலும் இல்லை, எழுத்துக்கூட்டி எத்தனையோ தடவை படித்திருக்கிறேன். அது ஊருக்குள் செல்லும் காகிதம். கடல் தாண்டிப் போகும் என்று யார் கண்டது. "இந்தப் பேரோட அனுப்பினா முத்திரை விழும், ஆனா உங்க கூடப் பிள்ளை வர முடியாது, அந்த முப்பிடாதிதான் கூட்டிட்டுப் போகணும்" என்றார் அவர். பேரை மாற்ற மனுவும் அவரே எழுதிக் கொடுத்தார், அதை விசாரிக்கத்தான் இன்றைக்கு இன்ஸ்பெக்டர் வந்திருக்கிறார். மைனியிடம் வந்து சொன்னேன். மைனி அடுப்பை ஊதிக்கொண்டிருந்தவள் திரும்பிப் பார்த்து, "அப்பம் காயிதப்படி ஒம் புருசனுக்கு நான்தான் மூத்த பொண்டாட்டி. எனக்கு விசா எடு. நீ இங்க கெடந்து பீடி சுத்து, நான் சலாலாவில போய் சாரல்ல நனையுதேன்" என்றாள். தெருவெல்லாம் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள், என் வீட்டுக்காரரிடம் போனிலேயே மைனி, "என்னங்க, சாப்டீகளா" என்று நீட்டி இழுத்தாள், அவர் அங்கே இருமிக்கொண்டு போனை வைத்துவிட்டார். ஆனால் மறுநாள் மைனி சொளவைத் தொடவே இல்லை. பூரணியின் யூனிபாரத்தை ஒரே நாளில் மூன்று தடவை துவைத்துக் கொடியில் போட்டாள். மூன்றாம் தடவை அது அழுக்காகவே இல்லை, நான் பார்த்தேன். நூல் அறுந்துவிட்டது. இந்தக் கண்டில் நூல் சரியில்லை, நாளைக்குக் கடையில் சொல்ல வேண்டும். சொல்லமாட்டேன். எனக்குத் தெரியும், சொல்லமாட்டேன்.

மூத்தவன் பிறந்து மூன்று நாள் இருந்தான். காது மடலில் பூனை முடி மாதிரி மயிர் இருந்தது அவனுக்கு. அதைத் தடவிக்கொண்டே இருந்தேன், மூன்று நாளும் அதையே தடவினேன், பால் குடிக்கிறானா என்று பார்க்கத் தெரியவில்லை எனக்கு. அடுத்தது பெண். அது அழவே இல்லை. துணியில் சுற்றிக் கொண்டுபோகும்போது ஒரு கால் மட்டும் வெளியே தெரிந்தது, பெருவிரல் அவர் விரல் மாதிரியே தட்டையாக. அதை நினைக்கக் கூடாது. இருபது, இருபத்தொன்று, இருபத்திரண்டு, இருபத்தஞ்சு ஆனால் கட்டு. மூன்றாவது உண்டானபோது நான் யாரிடமும் சொல்லவில்லை, வயிறுதான் சொன்னது. மைனிதான் கேட்டாள், "ஏளா, நான் வாங்கிக்கிடட்டுமா?" என்று. பிள்ளை தங்காத வீட்டில், பிறந்த உடனே பிள்ளையை வேறொருத்திக்குத் தவிட்டுக்கு விற்றுவிடுவது எங்கள் பக்கத்து வழக்கம். எடுத்துக்கொண்டு போக வருகிறது எதுவோ, அது, இது நான் தேடி வந்தவள் பிள்ளை இல்லையே என்று ஏமாந்து திரும்பிவிடும். பொறவு ஒரு நல்ல நாள் பார்த்து, வாங்கினவளுக்குச் சேலை எடுத்துக் கொடுத்துப் பிள்ளையைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். மைனிக்குப் பிள்ளை கிடையாது, அதுவும் நல்லதுதான் என்றார்கள், அவளிடம் போனால் தேடாது. சாரல் நாளில் மத்தியானம் வலி எடுத்தது. என் வீடு ஒழுகுகிறது என்று மைனி வீட்டுக்கு நடத்திப் போனார்கள், நூற்றெட்டு வண்டி வருவதற்குள் அங்கேயே பிறந்துவிட்டது. அழுதது. நல்லாவே அழுதது, ஈர இலை வாசமும் ரத்த வாசமும் கலந்து கிடந்த அந்த அறையில் அந்த அழுகை மட்டும் சுத்தமாக இருந்தது. தொப்புள் கொடி அறுத்து, துடைத்து, என் மார்பில்கூட வைக்கவில்லை, நான்தான் வேண்டாம் என்றேன், வாங்கிருங்க மைனி, சீக்கிரம் வாங்கிருங்க. மைனி படியில் தவிட்டை அளந்து என் சேலை முந்தியில் கொட்டினாள். கொஞ்சம் சூடாக இருந்தது தவிடு, அன்றைக்குத்தான் மில்லிலிருந்து வந்தது போலிருக்கிறது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அடுப்படிக்குப் போய் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டாள். நான் தவிட்டைக் கட்டிப் பிடித்துக்கொண்டு படுத்திருந்தேன். சாயங்காலம் நர்ஸ் வந்தாள். வழக்கமாக வருகிற நர்ஸ் லீவு, இது மாற்றாக வந்த பெண், யாரையும் தெரியாது. நோட்டைத் திறந்து என் பக்கம் குனிந்து, "உங்க பேரென்னம்மா?" என்றாள். ஒருத்தரும் என்னைத் தூண்டவில்லை. என் வாய் தானாகத் திறந்தது, வாழ்நாளில் ஒருதடவை வெளி ஆள் கேட்ட உடனே பதில் சொன்னேன். முப்பிடாதி என்றேன். அவள் எழுதிக்கொண்டாள். மைனி அடுப்படியிலிருந்து திரும்பி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வை இன்னும் எனக்குப் பிடிபடவில்லை. பயந்தாளா, சந்தோசப்பட்டாளா, இந்தக் கிறுக்கி என்ன செய்கிறாள் என்று நினைத்தாளா. திரும்பிக்கொண்டாள். அவள் மடியில் பிள்ளை சப்புக்கொட்டிக்கொண்டிருந்தது. காகிதத்தில் பேர் எழுதுகிற இடத்தில்தான் எடுத்துக்கொண்டு போகிற அது வந்து தேடும் என்று எனக்குத் தோன்றிவிட்டது, என்ன செய்ய. மூத்தது ரெண்டுக்கும் ஆஸ்பத்திரியில் என் பேரைத்தான் எழுதினார்கள்.

ஒரு வருசம் கழித்து மொட்டை போடும்போது திரும்ப வாங்கிக்கொள்ளலாம் என்று பேச்சு. சேலைகூட எடுத்துவிட்டேன், அரக்கு நிறம். அந்த வாரம் பூரணிக்குக் காய்ச்சல் வந்தது. பல்லு முளைக்கிற காய்ச்சல் என்றார் டாக்டர், நான்தான் பயந்துபோய், இன்னும் கொஞ்ச நாள் கிடக்கட்டும் மைனி என்றேன். கிடக்கட்டும் என்றாள். அப்படியே ஆறு வருசம். தூங்குவது என் வீட்டில், குளிப்பது அங்கே, சாப்பாடு எங்கே மணக்கிறதோ அங்கே. மைனியை அம்மை என்று கூப்பிடும், என்னை யக்கா. நான்தான் பழக்கினேன். முதல்தடவை அது தானாக என்னைப் பார்த்து அம்மை என்றபோது வாயைப் பொத்திவிட்டேன், உள்ளங்கையில் அந்தச் சொல்லின் ஈரம் ஒட்டியிருந்தது, ரொம்ப நேரம் கழுவாமல் இருந்தேன். பள்ளிக்கூடத்தில் படம் வரைந்து பரிசு வாங்கினபோது பூரணியின் அம்மாவை மேடைக்குக் கூப்பிட்டார்கள். மைனி போனாள், புதுச் செருப்பு கடித்து நொண்டிக்கொண்டே போனாள். நான் சைக்கிள் நிறுத்துகிற இடத்தில் அதன் தண்ணீர்ப் போத்தலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மேடையிலிருந்து பிள்ளை என்னைத் தேடிக் கண்டுபிடித்து, பரிசாக வாங்கின சோப்பு டப்பாவை ஆட்டிக் காட்டியது. அதுபோதும் என்றுதான் இருந்தேன். அது போதும் என்றே இருந்திருப்பேன், அந்த ஜன்னலில் தென்னமரம் தெரியாவிட்டால். பெற்ற தகப்பனை ஆறு வருசத்தில் மூன்றே தடவை பார்த்தால் எப்படி, கடைசியாக வந்தபோது முதல் நாலு நாளும் அவரை மாமா என்றுதான் கூப்பிட்டது. அவர் வெளியே போய்த் தெருக்குழாயில் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தார். இந்த ஒரு வாரமாக மைனியும் பிள்ளையும் குழாயடியில் குசுகுசுவென்று ஏதோ பேசுகிறார்கள். நான் குடத்தைத் தூக்கிக்கொண்டு போனால் நிறுத்திவிடுகிறார்கள். முந்தாநாள் ஒரு துண்டு காதில் விழுந்தது: "கேட்டா பயப்படாமச் சொல்லணும், என்ன?" மைனிதான் சொன்னாள். என்ன சொல்லணும்? யாரிடம்? எனக்குப் புத்தி கோணலாகப் போகிறது. மைனி விடமாட்டாளோ. அம்மையை விட்டுப் போகமாட்டேன் என்று பிள்ளையைச் சொல்லவைத்துவிட்டால் இந்த மனிதர் என்ன எழுதுவார்? இவர் எழுதித் தந்தால்தான் பேர் மாறும், பேர் மாறினால்தான் சென்னை, டெல்லி, ஸ்டிக்கர், எல்லாம். மாட்டேன் என்று மைனி சொன்னாலும் அவளைக் குற்றம் சொல்ல எனக்கு என்ன வாய் இருக்கிறது. விற்றேன். திரும்ப வாங்கவில்லை. அந்த அரக்குச் சேலையைப் போன பொங்கலுக்கு நானே கட்டிவிட்டேன். ச்சே, என்ன நினைப்பு இது, பிள்ளைக்குப் பேதி கண்டபோது என்னைத் தூங்கச் சொல்லிவிட்டு உட்கார்ந்திருந்தவளைப் போய். அங்கே நாற்காலி கிரீச்சிடுகிறது. ஆரம்பித்துவிட்டார். "உங்களுக்குக் குழந்தைங்க எத்தனைம்மா?" என்கிறார். "இல்ல சார்." "அப்ப இந்தச் சர்டிபிகேட்ல உங்க பேரு இருக்கே?" "வாங்குனேன் சார்." "வாங்குனீங்களா, எங்க?" "இந்தா, இந்த அறையிலதான். ஒரு படித் தவிட்டுக்கு." அவர் சிரிப்பது கேட்கிறது. "அதுக்கு ரசீது வச்சிருக்கீங்களா?" "நீங்க கையில வச்சிருக்கீகளே, அதான் சார் ரசீது. அதத்தான இப்பம் திருப்பிக் கேக்கீக." சிரிப்பு நின்றுவிட்டது. "இது சிரிக்கிற விசயம் இல்லம்மா" என்கிறார். "நான் சிரிக்கலையே சார்" என்கிறாள் மைனி.

இலையைக் கையில் வைத்துக்கொண்டு இருக்கிறேன், தூள் போட்டேனா போடவில்லையா தெரியவில்லை. "யாரும் உங்கள மிரட்டலையே?" "என்னைய மிரட்ட இந்தத் தெருவுல இன்னும் ஆளு பொறக்கல சார்." "சரி. இந்தக் குழந்தைய நான் பெறலன்னு எழுதியிருக்கேன், படிச்சுக் காட்டுறேன், கைநாட்டு வைக்கிறீங்களா?" அவர் படிக்கிறார். ஆபீஸ் தமிழ், மேற்படி மேற்படி என்று வருகிறது, எனக்குப் பாதி புரியவில்லை, மைனிக்கும் புரிந்திருக்காது. படித்து முடிந்ததும் மைனி கேட்கிறாள், ரொம்பப் பையக் கேட்கிறாள், செவுரில் காதை ஒட்டவைத்தால்தான் கேட்கிறது, சுண்ணாம்பு குளிர்ச்சியாக இருக்கிறது கன்னத்தில்: "இத வச்சுட்டா, பொறவு அந்தப் பிள்ளைக்கு நான் யாரு சார்?" அவர் காகிதத்தைப் புரட்டுகிறார். புரட்டிப் புரட்டிப் பார்க்கிறார் போலிருக்கிறது. "அதுக்கு இந்தப் பாரத்துல இடம் இல்லம்மா" என்கிறார். குரல் வேறு மாதிரி ஆகியிருக்கிறது. மைப்பெட்டி மூடி திறக்கிற சத்தம். மைனி பெருவிரல். இலை நறுக்கி நறுக்கித் தோல் உரிந்த விரல், ரேசன் கடை மெசினில் விழாத ரேகை, மூன்று தடவை வைத்துப் பார்ப்பார்கள். "இன்னொருக்க வைங்கம்மா, தெளிவா விழல." "அழுத்தி வச்சா விழும் சார், இருங்க." அழுத்தி வைக்கிறாள். விழுந்துவிட்டது. நான் செவுரை விட்டு முகத்தை எடுக்கவில்லை. மைனி, நான் கெட்டவள், நான் என்னவெல்லாமோ நினைத்துவிட்டேன். இந்தச் செவுரு இல்லையென்றால் உங்கள் முதுகுதான் இங்கே என் கைக்கு எட்டுகிற தூரத்தில் இருக்கும். போன வெள்ளிக்கிழமை நான் கேட்டேன் இல்லையா, என் பேர் ஏறினால் அது வந்து தேடாதா மைனி என்று. நீங்கள் பிள்ளைக்குத் தலை பின்னிக்கொண்டே சொன்னீர்கள், "சலாலாவுக்கா? கடலத் தாண்டி அது எப்படிளா வரும், அதுக்கு எவன் விசா குடுப்பான், ஒரு முத்திரைக்கே நீ இந்த ஓட்டம் ஓடுத" என்று. சிரித்தேன். அன்றைக்குத்தான் முதல்தடவையாக அதை நினைத்துச் சிரித்தேன். உங்களுக்கும் விசா கிடையாது. அதை நீங்கள் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. பிள்ளையைக் கூப்பிடுகிறார். வந்துவிட்டது, வளையல் சத்தம். "பாப்பா பேரு என்ன?" "சு. பூரணி. ஒன்னாங்கிளாஸ் பி செக்சன்." கேட்காததற்கும் பதில் சொல்கிறது, என்னைப்போல இல்லை, நல்லவேளை. "நீ பெரிய ஆளுதான். பாப்பா, நான் ஒன்னு கேப்பேன், யாருக்கும் பயப்படாம சொல்லணும். அம்மா, நீங்க வாயத் திறக்கக் கூடாது." "பூட்டிட்டேன் சார்" என்கிறாள் மைனி. "உங்க அம்மா யாரு?" என் கை நின்றுவிட்டது. அம்மை என்றால் அதற்கு மைனிதான், வேறு என்ன சொல்லும், நான் பழக்கினது அதுதானே, என் கையால்தானே அந்த வாயைப் பொத்தினேன். மைனியைக் கைகாட்டும். காட்டினால் இவர் அதை எழுதுவார், வைத்த கைநாட்டும் வீணாகிவிடும். காட்டட்டும். இல்லை, காட்டக் கூடாது. பிள்ளையின் கையைக் காண வேண்டும்போல இருக்கிறது எனக்கு, அது எந்தப் பக்கம் நீளுகிறது என்று. கேட்பதற்கு ஒன்றுமே இல்லை அங்கே, வளையல் ஒருதடவை சரிந்தது, அவ்வளவுதான். "வாயால சொல்லணும் பாப்பா" என்கிறார். சொல்லவில்லை. "அங்க என்ன இருக்கு?" என்கிறார். எங்கே? எங்கே என்ன இருக்கிறது? என் மூச்சு எனக்கே சத்தமாகக் கேட்கிறது, பிள்ளைக்கும் கேட்குமோ, கேட்டுப் பயந்துவிட்டதோ, ஆறு வயசுப் பிள்ளையிடம் கேட்கிற கேள்வியா இது, முப்பது வயசு எனக்கே பதில் சொல்ல முடியாத கேள்வி, பேசாமல் அந்தக் கம்பெனி வீடு யாருக்காவது போகட்டும், அவர் இன்னும் நாலு வருசம் இருந்துவிட்டு வரட்டும், நாங்கள் இப்படியே ரெண்டு வீட்டிலும் ஓடிக்கொண்டு, இல்லை, அவரை மாமா என்று கூப்பிட்டதே, அந்தக் குழாயடியில் அவர் நின்ற நிலை, அதை நான் இன்னொருதடவை பார்க்க மாட்டேன், சொல்லிவிடு பூரணி, உனக்கு எது வருகிறதோ அதைச் சொல், நீ யாரைக் காட்டினாலும் நான் வந்து நின்று, என் வாய் திறக்குமோ திறக்காதோ, அவர் முன்னால்

"ஏளா ஆவுடை." மைனி குரல். பூட்டைத் திறந்துவிட்டாள். "அம்மை யாருன்னு கேட்டா இந்த மூதி செவுரைக் காட்டுது. நான் எத்தன நாளா நீதான்னு வாயால சொல்லச் சொல்லிப் படிச்சுக் குடுத்தேன், கேக்க மாட்டேங்கு. சாரு செவுரையே பாத்துக்கிட்டு இருக்காரு. எந்திரிச்சு வா."

சொளவு சரிகிறது, தூளெல்லாம் மடியிலும் தரையிலும் சிந்துகிறது, சிந்தட்டும், கதவு எந்தப் பக்கம் என்று ஒரு நொடி தெரியவில்லை, வாரேன் மைனி என்கிறேன், நான் சொன்னது எனக்கே கேட்கிற சத்தத்தில், வாரேன் சார், செவுருக்கு இந்தப் பக்கம் இருக்கிறது நான்தான், பூரணியை நான்தான்